அப்பாவுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, காபி போடத்தான் வரவில்லை

கேள்வி: டாக்டர், டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். அப்பாவுக்கு 72 வயது, மத்திய அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். இருபது வருடமாக பி.பி., பன்னிரண்டு வருடமாக சர்க்கரை. போன தீபாவளி சமயத்தில் லேசான பக்கவாதம் வந்து, வலது கை ஒரு வாரம் தளர்ந்து, பிறகு சரியாகிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் ஆளே மாறிவிட்டார். எதைக் கேட்டாலும் பதில் வர நேரமாகிறது. நாள் முழுக்க சோபாவில் உட்கார்ந்திருக்கிறார். டி.வி. சீரியலில் யாராவது அழுதால் இவரும் அழுகிறார். காலைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார், பாத்ரூமுக்கு அவசரமாக ஓடுகிறார். தினமும் அவர்தான் காபி போடுவார். போன வாரம் பொடியே போடாமல் ஃபில்டரில் வெந்நீரை ஊற்றிவிட்டு அப்படியே நின்றார். எம்.ஆர்.ஐ. பார்த்து வாஸ்குலர் டிமென்ஷியா, அதாவது மூளையின் ரத்தக்குழாய் பாதிப்பால் வருகிற புத்தித் தடுமாற்றம் என்று சொல்லி, டோனெபெசில் என்ற மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ஞாபகத் தேர்வில் 30-க்கு 19. சென்னையில் இருக்கும் தம்பி, “1975-ல் கரோல் பாக்கில் கொடுத்த வாடகையைக்கூடச் சொல்கிறாரே, இதெல்லாம் வயசுதான், இங்கே கூட்டிக்கொண்டு வா” என்கிறான். அம்மா, “எல்லாம் அடம்” என்கிறார். பி.பி. நார்மலாகிவிட்டது என்று அப்பாவே ஒரு மாத்திரையை இரண்டு மாதமாக நிறுத்தியிருக்கிறார். இது அல்ஸைமரா? குணமாகுமா? புது ஊசி வந்திருக்கிறதாமே? எனக்கும் வருமா?

பதில்:

மற்ற எதற்கும் முன்னால் அந்த நிறுத்திய மாத்திரை. இன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்து சொல்லுங்கள். அது என்ன மாத்திரை, பழைய அளவிலேயே மறுபடி தொடங்கலாமா என்று கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பி.பி. நார்மலாக இருந்தது அந்த மாத்திரையால்தான். இந்த வியாதியில் நம் கையில் இருக்கிற பெரிய மருந்து அதுதான் என்பதைக் கீழே விளக்குகிறேன், ஆனால் படித்து முடிக்கிற வரைக்கும்கூட அது காத்திருக்க வேண்டாம்.

சரி, இப்போது தம்பி சொல்வதற்கு வருகிறேன். நிறையக் குடும்பங்கள் அந்த ஒரு வாதத்திலேயே இரண்டு மூன்று வருடத்தைத் தொலைத்துவிடுகிறார்கள். பழைய விஷயங்கள் ஞாபகம் இருக்கின்றன, அதனால் டிமென்ஷியா இல்லை என்பது தவறான அளவுகோல். ஃபில்டர் காபியையே எடுத்துக்கொள்ளுங்கள். மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு அமுக்க வேண்டும், தண்ணீர் கொதித்ததும் ஊற்ற வேண்டும், டிகாக்‌ஷன் இறங்குகிற நேரத்தில் பாலை அடுப்பில் ஏற்ற வேண்டும், பொங்கிவிடுமோ என்று அதன் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டே டம்ளரை எடுத்துச் சர்க்கரை போட வேண்டும். இதில் ஞாபகத்துக்கு வேலை கொஞ்சம்தான். எது முதலில், எது அடுத்தது, ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்போது இன்னொன்றை எப்போது தொடங்குவது என்று திட்டமிடுகிற வேலைதான் அதிகம். மூளையின் முன்பகுதியும், அதை உள்ளே இருக்கிற மற்ற பகுதிகளோடு இணைக்கிற நரம்பிழைகளும் சேர்ந்து செய்கிற வேலை அது. பொடி போடாமல் வெந்நீரை ஊற்றிவிட்டு நின்றார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி எனக்கு ஸ்கேன் ரிப்போர்ட் அளவுக்கு விஷயம் சொல்கிறது.

அல்ஸைமர் வேறு மாதிரி ஆரம்பிக்கும். பெரும்பாலும் முதலில் போவது புது ஞாபகம். காலையில் யார் வந்தார்கள் என்பது மதியத்துக்குள் அழிந்துவிடும், கேட்ட கேள்வியையே திரும்பத் திரும்பக் கேட்பார்கள், எடுத்துக்கொடுத்தாலும் நினைவு வராது. வாஸ்குலர் டிமென்ஷியாவில் விஷயம் உள்ளே இருக்கும், எடுத்து வெளியே கொண்டுவரத்தான் நேரமாகும், ஒரு சின்னக் குறிப்பு கொடுத்தால் சட்டென்று வந்துவிடும். இதை வீட்டிலேயே நீங்கள் பார்க்கலாம். நேற்று ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு அரை நிமிஷம் பேசாமல் இருங்கள், வரவில்லை என்றால் “தோசையா, உப்புமாவா?” என்று கேளுங்கள். அரை நிமிஷம் என்பது வீட்டில் ரொம்ப நீளமாகத் தெரியும். நாம் பொதுவாக மூன்று விநாடிகூடக் கொடுப்பதில்லை, நாமே பதிலைச் சொல்லிவிடுகிறோம், அப்புறம் அவர் பேசுவதையே நிறுத்திவிடுகிறார்.

மூளைக்குள் என்ன நடந்திருக்கிறது? உங்கள் ரிப்போர்ட்டில் சின்ன ரத்தக்குழாய் பாதிப்பு, ஃபஜேகாஸ் கிரேடு 3, இடது தலாமஸ் பக்கத்தில் ஒரு பழைய லாகூனர் இன்ஃபார்க்ட் என்று இருக்கிறது. காவிரி ஓரத்து ஆட்களுக்குக் கடைமடை என்றால் புரியும். மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் கடைசி வாய்க்காலுக்கு வந்து சேர்வதற்குள் குறைந்துபோகிற வயல்கள். மூளையின் ஆழத்தில் இருக்கிற வெள்ளைப் பகுதிக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் அப்படித்தான், மயிரிழை போல மெலிந்தவை, கிளைக்கு மாற்றுக் கிளை கிடையாது. வருடக்கணக்கில் பி.பி.யும் சர்க்கரையும் சேர்ந்து அந்தக் குழாய்களின் சுவரைத் தடிக்க வைத்து உள்வழியைச் சுருக்கிவிடுகின்றன. ரத்தம் போதாமல் அங்குள்ள நரம்பிழைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போவதுதான் எம்.ஆர்.ஐ.யில் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. ஃபஜேகாஸ் என்பது அந்தத் திட்டுகளை 0 முதல் 3 வரை அளக்கிற முறை, 3 என்றால் திட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து பரவிவிட்டன என்று அர்த்தம். லாகூன் என்பது ஒரு சின்னக் குழாய் முழுசாக அடைத்துப்போய் விட்டுப்போன குழி, பொதுவாக 3 முதல் 15 மில்லிமீட்டருக்குள் இருக்கும். சின்னதுதான், ஆனால் தலாமஸ் மாதிரி முக்கியமான சந்திப்பில் வந்தால் ஒன்றே போதும், ஆள் மந்தமாகிவிடுவார்.

எழுபது வயதில் யாருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் கொஞ்சம் வெள்ளைப் புள்ளி இருக்கும். அதை மட்டும் வைத்து இந்த வியாதியை முடிவு பண்ணக் கூடாது. ஸ்கேனும் ஆளும் பொருந்த வேண்டும். அப்பா விஷயத்தில் பொருந்துகிறது. பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் புத்தியின் செயல்பாட்டில் இறக்கம் தெரிவது 1993-ல் வகுத்த விதிமுறைகளிலிருந்தே ஒரு முக்கியமான அடையாளம். தேய்த்து நடப்பது, சிறுநீர் அவசரம், அடக்க முடியாத அழுகை எல்லாமே அந்த ஆழத்து நரம்பிழைகளின் பாதிப்போடு சேர்ந்து வருகிறவை. ஆனாலும் இது நூற்றுக்கு நூறு ரத்தக்குழாய் பாதிப்புதான், அல்ஸைமர் துளியும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வயதானவர்களில் இரண்டும் கலந்திருப்பது சகஜம். சொல்லப்போனால், 1906-ல் தன் பெயரில் நிலைத்த வியாதியை அறிவிப்பதற்கு முன்பே, 1890-களில் ரத்தக்குழாய் தடித்து மூளை தேய்வதைப் பற்றி எழுதியவர் அல்ஸைமரேதான்.

இரண்டு விஷயத்தை உங்கள் நியூராலஜிஸ்டிடம் மறுபடி கேளுங்கள். ஒன்று, மூளைக்குள் நீர் இருக்கிற அறைகள் அளவுக்கு மீறி விரிந்திருக்கின்றனவா? நடை, சிறுநீர், மந்தம் மூன்றும் சேர்ந்து வருகிற இன்னொரு வியாதி இருக்கிறது, மூளைநீர் தேங்குவதால் வருவது, அதில் சிலருக்கு அறுவைச் சிகிச்சையில் நல்ல பலன் கிடைக்கும். அதனால் அது இல்லை என்று உறுதியாகத் தெரிய வேண்டும். இன்னொன்று ரத்தப் பரிசோதனை. அப்பா சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் சாப்பிட்டிருந்தால் பி12 குறைந்திருக்கலாம், சைவச் சாப்பாடு என்றால் இன்னும் அதிக வாய்ப்பு. தைராய்டும் பார்க்க வேண்டும், சில பி.பி. மாத்திரைகள் சோடியத்தை இறக்கிவிடும் என்பதால் அதையும். காது கேட்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பாதிக் கேள்வி காதிலேயே விழாமல் “பதில் வரவில்லை” என்று நாம் எழுதிவிடுகிறோம்.

அந்த 19 மதிப்பெண்ணைப் பற்றி. தேர்வை எந்த மொழியில் வைத்தார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. டெல்லியில் பெரும்பாலும் ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். அப்பா நாற்பது வருடம் ஆபீஸில் ஹிந்தி பேசியவர்தான், ஆனால் மூளை களைத்துப்போகும்போது பிறகு கற்ற மொழி முதலில் தடுமாறும், பிறந்த மொழியில் யோசிப்பது எளிது. ஐந்து வார்த்தையை ஞாபகம் வைத்துச் சொல்லுங்கள், ஒரு நிமிஷத்தில் இந்த எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லுங்கள் என்றெல்லாம் வேறு மொழியில் கேட்டால் மதிப்பெண் குறையாமல் என்ன செய்யும்? மோகா என்ற அந்தத் தேர்வு தமிழிலும் இருக்கிறது. தமிழ் தெரிந்த மனநல நிபுணரையோ டாக்டரையோ கேட்டுப் பார்த்து, ஒரு தடவை தமிழில் வையுங்கள். காலை வேளையில், கண்ணாடி போட்டுக்கொண்டு, நன்றாகத் தூங்கி எழுந்த நாளில். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து ஒப்பிடப்போவது இந்த எண்ணோடுதான், அதனால் அது சரியாக இருக்க வேண்டும்.

குணமாகுமா என்று கேட்டீர்கள். போன நரம்பிழை திரும்பாது. இதை மழுப்பாமல் சொல்வதுதான் உங்களுக்கு நான் செய்கிற மரியாதை. ஆனால் அல்ஸைமருக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. இது பல பேருக்குப் படிப்படியாக இறங்கும், ஒரு படி இறங்கிய பிறகு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் அங்கேயே நிற்கும், அடுத்த படி பெரும்பாலும் அடுத்த அடைப்போடுதான் வரும். அந்த அடுத்த அடைப்பைத் தள்ளிப்போட நம்மால் முடியும். என் முழுக் கவனமும் அங்கேதான் இருக்கிறது, உங்களுடையதும் அங்கே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஞாபகசக்தி மருந்து எது நல்லது என்று தேடி அலைகிற நேரத்தில் பாதியைக்கூட பி.பி. பார்ப்பதற்கு யாரும் செலவிடுவதில்லை, எனக்கு அதுதான் தாங்க முடியாத வருத்தம்.

மேல்கையில் கட்டுகிற டிஜிட்டல் பி.பி. மெஷின் ஒன்று வாங்குங்கள், மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். ஒரு வாரம் காலையில் மாத்திரைக்கு முன்பும், சாயங்காலமும் அளந்து நோட்டில் எழுதுங்கள். ஐந்து நிமிஷம் முதுகு சாய்ந்து, கால் தரையில் பட, பேசாமல் உட்கார வேண்டும், கை நெஞ்சு மட்டத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும், ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு தடவை. முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றதைச் சராசரி எடுங்கள். வீட்டில் 135/85-க்கு மேல் போனால் கட்டுப்பாடு போதவில்லை என்று அர்த்தம். பக்கவாதம் வந்தவருக்கு 130/80-க்குக் கீழே கொண்டுவரப் பார்ப்போம், அவர் உடம்பு தாங்கினால். தாங்குகிறதா என்று எப்படித் தெரியும்? உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நிற்கவைத்து ஒரு நிமிஷத்திலும் மூன்று நிமிஷத்திலும் அளந்து பாருங்கள். மேல் எண் 20-க்கு மேல் இறங்கினால், தலை சுற்றினால், எனக்கு என்றில்லை, பார்க்கிற டாக்டருக்கு உடனே தெரியப்படுத்துங்கள், ஏனென்றால் கடைமடைக்கு அழுத்தம் குறைவதும் கெடுதல்தான். 2019-ல் வெளிவந்த ஸ்ப்ரிண்ட் மைண்ட் என்ற அமெரிக்க ஆய்வில் மேல் எண்ணை 120-க்குக் கீழே வைத்தவர்களுக்கு, 140-க்குக் கீழே வைத்தவர்களைவிட, லேசான புத்தித் தடுமாற்றம் வருவது 19 சதவீதம் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால் சர்க்கரை உள்ளவர்களையும் பக்கவாதம் வந்தவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, அதனால் வாட்ஸப்பில் யாராவது 120 என்று அனுப்பினால் அப்பாவுக்கு அப்படியே பொருத்தாதீர்கள்.

டெல்லிக் குளிரில் பி.பி. ஏறும். கோடையில் சரியாக இருந்த மாத்திரை அளவு நவம்பருக்கு அப்புறம் போதாமல் போகலாம், அதனால் குளிர் தொடங்கும்போது ஒரு வாரம் மறுபடி அளந்து டாக்டரிடம் காட்டுங்கள். அதே மாதங்களில் விடியற்காலை நடைக்கு அனுப்ப வேண்டாம், புகைமூட்டத்தில் நடப்பது ரத்தக்குழாய்க்கு நல்லதில்லை. வெயில் வந்தபிறகு பதினொரு மணிக்கு மேல், காற்று சுமாராக இருக்கிற நாளில், யாராவது கூடப் போய் அரை மணி நேரம் நடந்துவரட்டும். காற்று மோசமான நாளில் வீட்டுக்குள்ளேயே நடக்கட்டும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய் மூன்றையும் தினசரி இலையிலிருந்து எடுத்தாலே பெரிய மாற்றம் வரும்.

சர்க்கரையில் ரொம்பக் கறாராக இருக்க வேண்டாம். சாப்பிட்டோமா இல்லையா என்று தடுமாறுகிறவருக்கு தாழ்சர்க்கரை வந்தால் மூளைக்கு நேரடியான அடி, ஆகவே மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டுகிற எச்.பி.ஏ.1.சி. 8-க்குக் கீழே என்பதே போதும் என்பது இப்போதைய பொதுவான கருத்து. கொலஸ்ட்ரால் மாத்திரையும், ரத்தம் உறையாமல் இருக்கத் தருகிற ஆஸ்பிரின் அல்லது க்ளோபிடோக்ரெலும் தொடர வேண்டும். இதயத் துடிப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று இ.சி.ஜி.யும், நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு செய்கிற ஹோல்டரும் பார்த்திருக்கிறார்களா? ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு இருந்தால் மருந்தே மாறும். ராத்திரி பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அம்மாவைக் கேளுங்கள், அதற்கும் வைத்தியம் உண்டு. இனிமேல் மாத்திரை டப்பா அப்பா கையில் வேண்டாம். கிழமை போட்ட டப்பாவில் நீங்கள் ஞாயிற்றுக்கிழமை நிரப்பிவையுங்கள், அம்மா எடுத்துக் கொடுக்கட்டும்.

டோனெபெசிலைத் தவறு என்று சொல்ல மாட்டேன். அல்ஸைமருக்காக வந்த மருந்து அது, இந்த வியாதியில் பலன் சிறியது, அல்ஸைமரும் கலந்திருந்தால் கொஞ்சம் கூடுதல். நாடித்துடிப்பு ரொம்பக் குறையலாம், வயிற்றைப் புரட்டலாம், பசி போகலாம். மூன்று நான்கு மாதம் பார்த்துவிட்டு வித்தியாசமே இல்லை என்றால் தொடர வேண்டுமா என்று கேட்பதில் தப்பில்லை. நீங்கள் கேட்கிற புது ஊசிகள் அல்ஸைமரில் மூளையில் சேர்கிற அமிலாய்டு என்ற புரதப் படிவை எடுப்பவை, ரத்தக்குழாய் பாதிப்புக்கு அவற்றில் ஒன்றுமில்லை, சின்னக் கசிவுகள் உள்ள மூளையில் ரத்தப்போக்கு ஆபத்தும் உண்டு. அதற்காகக் கடன் வாங்காதீர்கள். மூளை டானிக் என்று விற்கிறவற்றுக்கும் அதே பதில்தான். மாறாக, சில மாத்திரைகள் புத்தியை இன்னும் மந்தமாக்கும். சளிக்குத் தருகிற தூக்கம் வரவழைக்கும் மருந்துகள், தூக்க மாத்திரைகள், சிறுநீர் அவசரத்துக்குத் தருகிற ஆக்ஸிபியூட்டினின் வகை. மெடிக்கலில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். அப்பா சோபாவை விட்டு எழுந்திருக்காதது அடம் இல்லை, சோம்பலும் இல்லை. எழுந்து ஒன்றைத் தொடங்குவதற்கு உள்ளேயிருந்து வருகிற உந்துதலே இந்த வியாதியில் போய்விடும். “போய்க் குளியுங்களேன்” என்று பத்து தடவை சொன்னால் நடக்காது. துண்டை எடுத்துக் கையில் கொடுத்து, கூடவே பாத்ரூம் வாசல்வரை நடந்தால் மீதியை அவரே செய்துகொள்வார். ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒரு வாக்கியம். காபியையும் நிறுத்த வேண்டாம், பக்கத்தில் நின்று “இப்போ பொடி” என்று மட்டும் சொல்லுங்கள், அடுப்பு மட்டும் அம்மா கையில் இருக்கட்டும். அழுகையைப் பொறுத்தவரை, பல சமயம் உள்ளே துக்கம் இல்லாமலேயே கண் கலங்கும், பேச்சை மாற்றினால் நின்றுவிடும். ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு நிஜமான மனச்சோர்வும் நிறையப் பேருக்கு வருகிறது, சாப்பாடும் தூக்கமும் குறைந்திருந்தால் சொல்லுங்கள், இரண்டுக்கும் மாத்திரை இருக்கிறது, அது பலன் தரும். அம்மாவுக்கே பாரம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற டெலிமானஸ் (அரசு மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம்.

சென்னைக்குப் போவதா? பழகிய வீட்டில் பாத்ரூம் எந்தப் பக்கம் என்று யோசிக்காமல் கால் போகும், புது வீட்டில் அந்த வசதி இல்லை, முதல் சில வாரம் குழப்பம் கூடும். அதற்காகப் போகவே கூடாது என்றில்லை. பகலில் கூட இருந்து பார்க்க ஆள் எங்கே இருக்கிறார்கள் என்பதை வைத்து நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள். மாதத்துக்கு ஒரு வீடு என்று மாற்றி மாற்றி மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். தம்பி ஒரு வாரம் லீவு போட்டு இங்கே வந்து அப்பாவோடு இருக்கட்டும், வாடகைக் கணக்கைத் தாண்டி அவனுக்கு நிறையத் தெரியவரும்.

பண விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அப்பாவுக்குப் புரிந்து கையெழுத்துப் போட முடிகிற இந்த நேரத்திலேயே பென்ஷன் கணக்கை அம்மாவோடு கூட்டுக் கணக்காக்குங்கள், நாமினி எல்லாம் சரியா என்று பாருங்கள், உயில் எழுதுவதாக இருந்தால் டாக்டர் சான்றிதழோடு இப்போதே எழுதட்டும். பவர் பத்திரம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். கொடுத்தவர் புத்தி சுவாதீனம் இழந்தால் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது. யு.பி.ஐ. வரம்பைக் குறைத்துவையுங்கள், போலீஸ் பேசுகிறோம் என்று மிரட்டுகிற கூட்டம் தேடுவது இந்த மாதிரிப் பெரியவர்களைத்தான்.

உங்களுக்கு வருமா என்றால், இந்த வியாதி அப்படியே பரம்பரையாக வருவது அபூர்வம். நாட்ச்3 என்ற மரபணுக் கோளாறால் வருகிற ஒரு வகை உண்டு, அதில் பெரும்பாலும் நாற்பது ஐம்பது வயதிலேயே, பி.பி. இல்லாமலேகூட பக்கவாதம் வரும், ஒற்றைத் தலைவலியும் இருக்கும். அப்பா கதை அது இல்லை. குடும்பத்தில் ஓடுவது பி.பி.யும் சர்க்கரையும். ஆகவே அந்த மெஷினில் உங்கள் கையையும் தம்பி கையையும் அளந்துகொள்ளுங்கள்.

கடைசியாக, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டியது. திடீரென்று வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொய்ந்தால், பேச்சு குழறினால், பார்வை மறைந்தால், தள்ளாடினால், பி.பி. மாத்திரை கூடுதலாகக் கொடுக்காதீர்கள், தண்ணீரோ சர்க்கரைக் கரைசலோ வாயில் ஊற்றாதீர்கள். 112-க்கோ 102-க்கோ போன் செய்து, சி.டி. ஸ்கேனும் பக்கவாத வசதியும் இரவு பகலாக இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போங்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து அப்படிப்பட்ட ஆஸ்பத்திரி எது, ராத்திரியில் போக எவ்வளவு நேரம் என்று இந்த வாரமே விசாரித்து, நம்பரை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்பதுதான் அங்கே கேட்கிற முதல் கேள்வி, அம்மாவுக்கு அதைச் சொல்லிவையுங்கள்.